பல்லைக் காட்டாத அப்பு

என் அக்காள் அற்புதமலரைக் கட்டிய யேசுரத்தினம், கல்யாணப் படத்தில்கூட இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரித்தான் நிற்கிறார். கோபக்காரர் இல்லை, துக்கமும் இல்லை. தொழில் அப்படி. எங்கள் மலைநாட்டில், பெரகலவுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் பங்களாவில் அவர் அப்பு. தோட்டத்தை நடத்துகிற துரைக்கு மேசை விரித்து, சாப்பாடு பரிமாறி, விருந்தாளியைக் கவனிக்கிற ஆளை எங்கள் பக்கம் அப்பு என்போம்.

பங்களாக் குசினிக்குள் அரும்பு மீசையோடு போனவருக்கு முதலில் பழக்கியது சமையலை அல்ல, முகத்தைத்தான். துரை பகடி விட்டாலும் அப்பு சிரிக்கக் கூடாது. துரைசாணி கண்ணைக் கசக்கினாலும் பார்க்கக் கூடாது. சுவருக்குக் காது இருக்கலாம், முகம் இருக்கக் கூடாது. துரைசாணி பியானோ வாசித்துப் பாடியபோது பல்லைக் காட்டிய ஒருவன் மறுநாள் மலையில் மம்மட்டி பிடித்தானாம். எங்கள் ஆட்கள் இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மச்சான் மட்டும் சிரிக்க மாட்டார்.

தொண்ணூறுகளில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போயின. துரைமார் அடிக்கடி மாறினார்கள். வந்தவன் போனவன் எல்லாம் ஏதாவது ஒன்றை மாற்றினான், மச்சானின் முகத்தை மட்டும் எவனாலும் மாற்ற முடியவில்லை. பிறகு நாட்டில் போர் நின்று, வெள்ளைக்காரர்கள் பை தூக்கிக்கொண்டு மலைக்கு வரத் தொடங்கியதும், கம்பெனி அந்தப் பங்களாவை ஒரு ஹோட்டல்காரனுக்குக் குத்தகைக்கு விட்டது. அது எனக்கும் நல்லதாயிற்று. பதுளை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்துக் கிடந்த என் வேனுக்கு ஓட்டம் கிடைத்தது. ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மச்சான் தரும் தேநீரைக் குசினி வாசலில் நின்று குடிப்பேன்.

குத்தகைக்காரன் செய்த முதல் வேலை, கொழும்பிலிருந்து ஒரு மேடத்தை வரவழைத்ததுதான். சாப்பாட்டறைப் பையன்களையும் மச்சானையும் வரிசையாக நிற்க வைத்து அவர் சிரிக்கப் பழக்கினார். மேல்வரிசைப் பல் தெரிய வேண்டும். கண்ணும் சேர்ந்து சிரிக்க வேண்டும். பையன்கள் ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள். மச்சானும் பாடுபட்டார். மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன்.

"கண்ணாடி முன்னுக்கு நின்னு பல்ல இளிச்சுக்கிட்டு இருக்காருடா தம்பி. எனக்கே பயமா இருக்கு" என்றாள் அக்காள்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவி அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் பல்வலி என்று நினைத்து, கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். வேண்டாமென்றால் மரியாதை இல்லையே என்று அவள் முன்னாலேயே அதை விழுங்கினார் என் மச்சான். கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் விஷயம் சிரிப்பில் முடியவில்லை. ஹோட்டல் மெனேஜர் மதுசூதனன் பதுளையில் பிறந்தாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, கெட்டவனில்லை. ஒருநாள் அவன் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணை, கொழும்பில இருந்து முதலாளியாக்கள் என்னை நெருக்கினம். சனம் வந்து முகத்தைப் பாத்துப் பயப்படுதாம். வருசம் முடியிறதுக்குள்ள நீங்கள் பழகாட்டி, உங்களை வாசல் கேட்டுக் காவலுக்குப் போடச் சொல்லிப்போட்டினம். குடியிருக்கிற குவாட்டர்ஸ் வீட்டையும் விட வேண்டி வரும்."

மச்சான் "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அக்காள்தான் அழுதாள். "லயத்து ஒத்த அறைக்குத் திரும்பிப் போறதுல எனக்கு ஒண்ணுமில்ல. நான் அங்க பொறந்தவதானே. ஆனா இவரு கேட்டுல நின்னு காருக்குக் கை காட்டுவாரா? அந்த மேசய விட்டா இந்த மனுசனுக்கு என்னா இருக்கு?" ஆயுசு முழுக்கச் சிரிக்காதே என்று அடித்துப் பழக்கிவிட்டு, தலை நரைத்த பிறகு சிரி என்றால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

அந்த நேரம் பார்த்துத்தான் பிரசாந்தினி வந்தாள். தகப்பன் பதுளை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பெரிய உத்தியோகம், இவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஹோட்டல், கடை, ஆஸ்பத்திரி என்று மனிதர் முகம் பார்த்து வேலை செய்கிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி. என் வேனில்தான் வந்தாள். வருகிற வழியில் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். மூட்டை தூக்கினால் உடம்பு களைக்கிற மாதிரி, உள்ளே ஒன்றை வைத்து முகத்தில் வேறொன்றைக் காட்டினால் மனம் களைக்குமாம். முதலில் பிளேனில் வேலை செய்கிற பெண்களைக் கேட்டார்களாம். பிறகு தாதிமார், ஆசிரியர்கள், டெலிபோனில் பதில் சொல்கிறவர்கள் என்று உலகம் முழுக்கக் கேட்கிறார்களாம்.

"வெளியால மட்டும் நடிக்கிறவைதான் கூடுதலாக் களைக்கினம் எண்டு கனபேர் கண்டிருக்கினம். முன்னால நிக்கிற ஆளிலை உண்மையா அக்கறை வந்து செய்தா அவ்வளவு களைப்பில்லையாம். ஆனா எங்கட மலைநாட்டில ஆர் கேட்டது?" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நல்ல ஆளிடம்தான் கொண்டுபோகிறேன் என்று நினைத்து மச்சானுக்கு முன்னால் உட்கார வைத்தேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூர் ஆள் கையில் பேனாவோடு கேள்வி கேட்டால், அது ஹெட் ஆபீஸ்தான். மச்சான் நிமிர்ந்து நின்றார், கதிரை கொடுத்தும் உட்காரவில்லை.

"ஐயா, வேலையில நிக்கேக்க கோவம் வந்தா என்ன செய்வியள்?"

"கோவமே வராதுங்க மிஸ்."

"விருப்பமில்லாமச் சிரிக்கிறது கஷ்டமா இருக்கோ?"

"ரொம்ப சந்தோசமுங்க மிஸ். நாள் பூரா சிரிச்சுக்கிட்டேதான் இருப்பேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். களிமண் உருண்டைக்குக்கூட அதைவிடச் சிரிப்பு இருக்கும். அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஐயா, நான் கொம்பனி ஆள் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மச்சான் அதற்கும் "சந்தோசமுங்க" என்றார். நடிப்பைப் பற்றிக் கேட்க வந்தவளுக்கு முன்னால் அவர் நடித்தே முடித்துவிட்டார். திரும்பும் வழியில் உண்மையை நான்தான் கொட்டினேன். அவள் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே வந்தாள்.

மார்கழி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரத்துக்குள் மதுசூதனன் மச்சானைப் பற்றிக் கொழும்புக்கு முடிவு சொல்ல வேண்டும். அதே தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் பெண் விஜிதா என் வேனைப் பிடித்தாள். குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியவள். தன் தாய் பேச்சியம்மாவைப் பங்களாவில் சாப்பிட வைக்க வேண்டுமாம். பேச்சியம்மா அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து பறித்துப் பென்ஷன் போனவர். பங்களாவின் பின்வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

கிழவி செருப்பைச் சாப்பாட்டறை வாசலில் கழற்றினார். உள்ளே போனவர் உட்காராமல் கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பையன்கள் பழகிய சிரிப்போடு ஓடிவந்தார்கள். மேல்வரிசைப் பல் எல்லாம் தெரிந்தது. கிழவி தன் சேலையைக் குனிந்து பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார். "ஏன்டி சிரிக்கிறாங்க? போயிருவோம்" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தார். விஜிதாவின் முகம் சிவந்துவிட்டது.

மச்சான் பையன்களை ஒரு பார்வையில் ஒதுக்கினார். துரைசாணிக்கு இழுக்கிற அதே மாதிரி கதிரையை இழுத்தார். அதே கல் முகம்.

"உக்காருங்கம்மா."

அந்தக் குரலுக்கு யாராலும் நிற்க முடியாது. பேச்சியம்மா உட்கார்ந்தார். மடித்த துணியை விரித்து மடியில் போட்டார் மச்சான். சூப், சோறு, கோழி எல்லாம் இடப்பக்கமாக நின்று, லேசாகக் குனிந்து, துரைமாருக்குப் பரிமாறியது போலவே ஒவ்வொன்றாகப் பரிமாறினார். கரண்டியும் முள்கரண்டியும் வேண்டாமென்று கிழவி கையால் சாப்பிட்டார். மச்சானின் முகத்தில் ஒரு மயிரும் அசையவில்லை. மெல்ல மெல்லத் தோள் இறங்கி, கிழவி பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் குசினிக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதுசூதனனும் வந்து பக்கத்தில் நின்றான்.

சாப்பிட்டு முடித்ததும் பேச்சியம்மா எழுந்து, தன் எச்சில் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவப் புறப்பட்டார். மகள் பதறி எழுவதற்குள் மச்சான் எதிரே போய் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தார். கிழவி விடவில்லை.

"தொரமாரு தட்ட எடுத்த கையி தம்பி. என் எச்சியத் தொடலாமா?"

"இது என் வேலம்மா. என் வேலய எங்கிட்டக் குடுங்க."

கிழவி அவர் முகத்தையே பார்த்தார். அதில் இரக்கமும் இல்லை, கேலியும் இல்லை. தட்டை விட்டார். திரும்பிப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு, மலைக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"அப்பு! ஒரு தேத்தண்ணி கொண்டாங்க!"

"சரிங்கம்மா."

விஜிதா அழுதுகொண்டே சிரித்தாள். மதுசூதனனைப் பார்த்து, "சார், நானும் குவைத்துல வருசக்கணக்கா சிரிச்ச ஆளுதான். இந்த அண்ணன் மாதிரி எங்கம்மாவ யாரும் மதிச்சதில்ல" என்றாள்.

மச்சான் குசினிக்குள் வந்து தட்டை வைத்தார். நாங்களும் பின்னாலேயே வந்தோம். கதவு மூடியதும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப் போய் எட்டிப் பார்த்தேன். மனிதர் வாய் நிறையச் சிரிக்கிறார்! மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாம் தெரிந்தது.

"அண்ணை! இதைத்தானே நான் இவ்வளவு நாளாக் கேட்டனான்! இப்பிடியே வெளியில போங்கோ" என்றான் மதுசூதனன்.

மச்சான் துவாயை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பழைய முகம் வந்துவிட்டது.

"இது எனக்குங்க சார். அந்தம்மா கேட்டது தேத்தண்ணி."

தட்டத்தில் கோப்பையை நேராக வைத்து எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். மதுசூதனன் ஆடுகிற கதவை ஒரு கையால் பிடித்து நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பினான்.

"அக்காட்டப் போய்ச் சொல்லுங்கோ, சாமான் ஒண்டும் கட்ட வேண்டாம் எண்டு. கேட்டுக்கு நான் வேற ஆளைப் பாக்கிறன்."