ஐந்தரைக் கட்டையிலிருந்து இறங்கியது

ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள் பூசையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனபோது, தொண்டைக்குக் கீழே இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. எச்சிலை விழுங்கினேன். அதுவும் கூடவே ஏறி இறங்கியது. பிறகு எழுந்து காணிக்கைப் பாடலைப் பாடினேன். குரலில் ஒரு குறையும் இல்லை, அதனால் கட்டியை மறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் இருபத்திரண்டு வருடமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவள் நான். என் சுருதி ஐந்தரைக் கட்டை (பெண் குரலுக்கே கொஞ்சம் உயரம்தான்). நான் பாடாவிட்டால் பூசையே களைகட்டாது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. வாய்விட்டுச் சொன்னதில்லை. நடையில் தெரிந்திருக்கும்.

என் கணவர்தான் விடாமல் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனார். தைராய்டு சுரப்பியில் கட்டி என்றார்கள். ஊசியால் செல்களை எடுத்துச் சோதித்தும் புற்று உண்டா இல்லையா என்று தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அறுவை செய்தால்தான் தெரியும். நான் டாக்டரம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பிறகு பாட முடியுமா?

"குரல்நாணுக்குப் போற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் இருக்கு. கவனமாத்தான் செய்வோம். ஆனா பழைய குரல் அப்படியே வரும்னு எழுதிக் குடுக்க முடியாதும்மா" என்றார்.

புற்றைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அக்டோபரில் அறுவை நடந்தது. புற்று இல்லை. ஆனால் இடப்பக்கக் குரல்நாண் (தொண்டையில் அதிர்ந்து ஒலி எழுப்பும் தசை மடிப்பு) சரியாக அசையவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒரு வாரம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். மனுஷரோடு பேசக்கூடாது என்றுதானே சொன்னார்கள், மாதாவோடு பேசலாம் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தினமும் சாயங்காலம் கட்டிலில் படுத்தபடி ஐம்பத்து மூன்று மணியையும் கிசுகிசுத்து முடித்தேன். குரலைக் காப்பாற்றிக்கொண்டே ஜெபிக்கிறோம் என்று உள்ளூரப் பெருமை வேறு.

அடுத்த பரிசோதனையில் நாண் முன்னைவிட வீங்கியிருந்தது. "பேசினீங்களா?" என்றார் டாக்டரம்மா. நோட்டில் எழுதிக் காட்டினேன்: 'இல்லை. ஜெபமாலை மட்டும். கிசுகிசுவென்று.'

படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கிசுகிசுக்கிறதும் நாணுக்கு வேலைதான். அழுத்திக் கிசுகிசுத்தா பேசுறதைவிட மோசம். மனசுக்குள்ள சொல்லுங்கம்மா. மாதாவுக்குக் கேக்காதா?"

"தூங்கும்போதுதான் டாக்டர் இவ வாய மூடுவா. அதுவும் எல்லா நாளும் கிடையாது" என்றார் என் கணவர். எழுதித் திட்ட நோட்டைப் பிடுங்கினேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தால், கிசுகிசுப்பதையும் சேர்த்து நிறுத்துங்கள். சாமிக்குச் சலுகை உண்டு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

அடுத்த மாதம் குரல் பயிற்சி ஆரம்பித்தது. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழ் வரும்படி முனக வேண்டும். தினமும் ஐந்து தடவை முனகினேன். கிறிஸ்துமஸ் பூசையில் முதல் முறையாகப் பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். நான் இல்லாமலே குழுவினர் நன்றாகத்தான் பாடினார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

ஜனவரியில் குரல் வந்தது. கனமாக, தாழ்வாக, யாரோ பேசுவது மாதிரி. மேலே ஏறவே இல்லை. இனி இவ்வளவுதான் இருக்கலாம் என்று டாக்டரம்மா பக்குவமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

பிப்ரவரியில் எங்கள் லூர்து மாதா திருவிழா. பத்தாம் திருநாள் காலைப் பூசையில் மாதா பாட்டின் முதல் அடியை நான் தனியாக எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். கீபோர்டு வாசிக்கும் செல்வின் மின்வாரியத்தில் லைன்மேன். அவரிடம் போய், இந்த வருடம் வேறு யாரையாவது பாடச் சொல்லுங்கள் என்றேன்.

"நீங்க ஏற வேண்டாம்க்கா. நாங்க இறங்குதோம்" என்றார். மூன்று கட்டையைக் குறைத்தார்.

திருவிழாவன்று முதல் அடியை எடுத்தேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. இரண்டாவது அடியில் பின்னாலிருந்து கனமாக ஒரு சத்தம். மைக்தான் இரைகிறது என்று திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. வாழைக்காய் வியாபாரி மிக்கேல் அண்ணாச்சி கண்ணை மூடி, சுருதி சேராமல், உரக்கப் பாடினார்.

இத்தனை வருடம் இல்லாமல் இன்றைக்கு மட்டும் எப்படிப் பாடினீர்கள் என்று பூசை முடிந்ததும் அவரிடமே கேட்டேன். "இத்தன வருஷமா நீ பாடுத உயரத்துக்கு எங்க தொண்ட எட்டுமா தாயி? வாய மட்டும் அசைச்சுக்கிட்டு நின்னோம். இன்னைக்குத்தான் பாடுனோம்" என்றார்.

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது ஒரு அடிக்கு எனக்கு இரண்டு மூச்சு வேண்டும். என் மூச்சு எங்கே நிற்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. முன்பெல்லாம் நான் நிறுத்தினால் பாட்டும் நிற்கும். இப்போது நான் மூச்சு வாங்கும் நேரத்தில் ஊர் அந்த அடியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நான் திரும்பிச் சேரும்போது பாட்டு எனக்கு முன்னால் போயிருக்கிறது. அவசரமில்லாமல் பின்னாலேயே போகிறேன்.