கம்பி போன வழி

என் மேசை இழுப்பறையில் வெகுகாலம் இரண்டு பஸ் டிக்கெட்டுகள் இருந்தன. இரண்டிலும் ஒரே நிமிடத்தில் குத்திய முத்திரை. ஒன்று என்னுடையது. இன்னொன்றுக்கு உரியவர் பாதி வழியில் வண்டி தள்ள இறங்கிவிட்டார். தொண்ணூறுகளில் கோவையில் நான் வேலை பார்த்த நூற்பாலை புது இயந்திரம் வாங்கியபோது, அதைப் பழகிவர எங்கள் ஃபோர்மேனை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே இங்கிலீஷில் பேசத் துணைக்கு நான். ரயிலடியில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊரு தெரியாத மனுசனுங்க. பத்திரமாக் கூட்டியாந்துருங்க அம்மணி” என்றார். அதனால் ஃபோர்மேனின் பாஸ்போர்ட், விடுதி முகவரி, டிக்கெட் எல்லாம் என் கைப்பையில்தான் இருந்தன. இங்கிலீஷ் தெரிந்தவள் என்ற மிதப்பும் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்த ஊரில் டிராமுக்குத் தண்டவாளமாவது உண்டு. நாங்கள் தினமும் போன டிராலி பஸ்ஸுக்கு மேலே இரட்டைக் கம்பி மட்டும்தான். அதில் கரண்ட் எடுத்து ஓடும். நான் கட்டடங்களைப் பார்த்தேன். அவர் கம்பியையே பார்த்துக்கொண்டு வருவார். மூன்றாம் நாள் காலை ஒரு திருப்பத்தில் பஸ்ஸின் கூரையிலிருந்து கரண்ட் எடுக்கும் கொம்பு கம்பியை விட்டு நழுவியது. வண்டி நின்றது. ஓட்டுநர் அம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு, பின்னால் போய்க் கொம்பின் கயிற்றை இழுத்து அதைத் திரும்பக் கம்பியில் மாட்டினார். ஒருவரும் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. நம் ஊரில் பஸ் நின்றால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். கூப்பிட வேண்டியதே இல்லை. எங்கள் ஃபோர்மேனும் சட்டையின் முழுக்கையை மடித்துவிட்டு இறங்கினார். பின் கண்ணாடி வழியே பார்த்தேன்: ஓட்டுநர் அம்மாள் சிரித்து, ஏறிக்கொள்ளும்படி கையசைத்துவிட்டு முன்னால் வந்தார். அதைத் தள்ளச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, இவர் காலை ஊன்றித் தள்ளினார். கதவு மூடியது, வண்டி சத்தமில்லாமல் கிளம்பிவிட்டது. நம் ஊர் வழக்கப்படி பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிப் பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நின்றேன். திரும்பி ஓடினால், அவர் வேறு தெருவில் போயிருந்தால்? பாஷை தெரியாது, பாஸ்போர்ட் இல்லை, முகவரிகூட இல்லை. அவர் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து, அண்ணாந்து பார்த்தபடியே அவர் நடைபாதையில் வந்தார்.

“ஏனுங் மேடம், எதுக்குங்க அழுகறீங்க? மேல கம்பி போகுதில்லீங்க. அதையுட்டுப் போட்டு வண்டி எங்கீங்க போகும்? முக்குல கம்பி ரண்டாப் பிரிஞ்சுதுங்க. நம்ம நம்பரு பஸ்ஸு வர்ற மட்டும் நின்னு, அது திரும்புன பக்கம் வந்தனுங்க.”

தொலைந்து நின்றவள் நான்தான் என்று அப்போது புரிந்தது. பாஸ்போர்ட்டையும் முகவரியையும் அங்கேயே எடுத்து நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போன மாதம் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு என் புது வீட்டுக்கு வந்தார். வழி கேட்டுப் போன் எதுவும் செய்யவில்லை. காபி குடித்து முடித்ததும் அவர் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்து, “இது உங்களுது. பாதித் தூரந்தான் போனீங்க” என்றேன். அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, அன்று போலவே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“மீதிக்குத்தான் தள்ளியுட்டனுங்களே, மேடம்.”

இப்போது இழுப்பறையில் என் டிக்கெட் மட்டும் இருக்கிறது.