பெத்தணன் சொன்ன நாத்து

எங்கள் ஊரில் பெத்தணனைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விவரமானவர் என்பார்கள். எம். புதுப்பட்டிக்கு மேற்கே, இரண்டு வெடி கம்பெனிகளின் கம்பி வேலிக்கு நடுவே அகப்பட்ட கரிசல் புஞ்சை அவருடையது. சுற்றியிருந்தவர்கள் நிலத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் அவர் மட்டும் அசையவில்லை. மண்ணின் மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் வெள்ளாமை குறையக் குறைய மாட்டுத்தீவனமும் குறையும். அப்போது கையில் வைத்திருக்கிறவன் சொல்வதுதான் சட்டம். இதை அவர் எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டார்.

புரட்டாசியில் வானத்தைப் பார்த்துச் சோளத்தை நெருக்கி விதைப்பார். கதிருக்காக அல்ல, தட்டைக்காக. நெருங்கி வளர்ந்தால் தண்டு மெலியும், மாடு கழிக்காமல் தின்னும். இப்படித் தீவனத்துக்கென்று விதைக்கிற சோளத்தைத்தான் எங்கள் பக்கம் நாத்து என்போம். காட்டில் பச்சையாக நின்றாலும் நாத்து, அறுத்துக் காயவைத்தாலும் நாத்து. காய்ந்ததைச் சிலர் தட்டை என்றும் சொல்வார்கள். மார்கழியில் பூ எடுத்ததும் அறுத்துக் காயப்போட்டு, கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் படப்பாக அடுக்குவார். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர்தான். எப்பேர்ப்பட்ட மழைக்கும் அவர் படப்பின் உள்ளே ஒரு தாள் நனைந்ததில்லை.

மழை பொய்த்த வருசத்தில் அவர் முகம் தெளிந்துவிடும். ஒரு கட்டுக் கூளம் கேட்டு வருகிறவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, மாடு எத்தனையாவது ஈத்து, மடி எப்படி என்று பெற்ற பிள்ளையை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். கூளம் மட்டும் கிடைக்காது. நாலு நாள் போனால் அந்த மாடே அடிமாட்டு விலைக்கு அவர் தொழுவுக்கு வந்துசேரும். அடுத்த வீட்டுப் பஞ்சம்மாளின் எருமை அப்படிப் போனதுதான். அந்த அம்மாள் இன்றைக்கும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பித்தான் மண்ணை வாரித் தூற்றுவாள்.

மனைவி செத்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகன் மணிமுத்து கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். அப்பாவுக்கு எதிரே வாயைத் திறக்காத பிள்ளை. அவனுக்கு அம்பாசமுத்திரம் பக்கமிருந்து கற்பகவல்லியைப் பேசினார்கள். பெண்ணின் அப்பா சுடலைமுத்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த வாரத்தில்தான் பக்கத்தில் எங்கேயோ ஒரு ஷெட் வெடித்து, ஆட்களைச் சாக்கில் அள்ளினார்கள். மனிதர் அரண்டுபோனார்.

"சம்மந்தி, ஒரே ஒரு வார்த்தை. எம் புள்ள வெடி வேலைக்குப் போகக் கூடாது. அதுக்குப் பதிலா நல்ல கறவைப் பசு ஒண்ணு கூட அனுப்புதேன். பாலை ஊத்தி அவ பங்கை வீட்டுக்குக் குடுத்துருவா."

"அதுக்கென்ன, பேஷா அனுப்புங்க" என்றார் பெத்தணன்.

தையில் கல்யாணம். செவலைப் பசுவும் மினி லாரியில் வந்து இறங்கியது. கற்பகவல்லி அதோடுதான் பேசுவாள், சிரிப்பாள். பால் கறந்து டிப்போவில் ஊற்றிவிட்டு வந்தால் அவளை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அந்தப் பசு நிற்கும் வரைக்கும் அவள் கம்பெனி வாசலை மிதிக்க வேண்டியதில்லை. தினமும் விடிந்ததும் மணிமுத்து படப்பிலிருந்து தட்டையை உருவிப் போடுவான். பெத்தணன் பக்கத்தில் நின்று பார்ப்பார். வந்த பசு அவருடைய தீவனத்தைத் தின்கிறது, பாலோ மருமகள் பேருக்குப் போகிறது. அவருக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு எங்கள் பேச்சு பாதி புரியாது. ஒருநாள் அவர் யாரிடமோ நாத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"மாமா, எங்க ஊர்ல நாத்துன்னா நெல்லு நாத்து. தண்ணியில்லாத இந்தக் காட்டுல நாத்தை எங்கன வளக்கீக?"

அவர் கையை நீட்டினார். "அந்தா, வேலியோரம் பச்சையாத் தெரியுதுல்ல தாயி, அதான் நாத்து."

பொய் இல்லை. அறுத்த அடிக்கட்டை தையில் பெய்த ஒரு மழையைக் குடித்துவிட்டு மறுபடி துளிர்த்திருந்தது. அதுவும் நாத்துதான். படப்பில் இருப்பதும் நாத்துதான் என்கிற மறுபாதியை அவர் சொல்லவில்லை. ஆக அவள் கணக்கில் பச்சையாக நிற்பது நாத்து, காய்ந்து கிடப்பது தட்டை.

மாசி வெயில் சுட்டது. துளிர்த்த மறுதாம்பு முழங்கால் உயரத்தோடு நின்று, இலை சுருண்டுவிட்டது. இப்படி வாடி நிற்கிற மறுதாம்பு விஷம். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். ஆட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் ஆட்டைத் திருப்பவே மாட்டார்கள். மறுபடி மழை விழுந்து, வளர்ந்து பூ எடுத்தால்தான் அதில் வாய் வைக்கலாம். வாய்க்கால் பாய்கிற ஊரில் பிறந்தவளுக்குப் பச்சை எல்லாம் மாட்டுக்கு நல்லதுதான்.

அதே நேரத்தில் கோவில்பட்டி வியாபாரி ஒருவர் படப்பை மொத்தமாகக் கேட்டு வந்தார். கம்பெனியில் ஆள் பிடிக்கிறவரும் வந்தார். "ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. மருமகளை அனுப்புங்களேன்" என்றார். கற்பகவல்லி பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள். பெத்தணன் சிரித்தபடி அவரை வழியனுப்பினார்.

மறுநாள் மணிமுத்து இருட்டோடு லோடுக்குப் போய்விட்டான். பெத்தணன் தன் காளைகள் இரண்டையும் அவிழ்த்துப் படப்படிக்குக் கொண்டுபோய்க் கட்டி, தன் கையாலேயே தீவனம் போட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"தாயி, பசு பசியா நிக்கி. ஒரு கட்டு நாத்துப் போட்டுரு. நான் திருத்தங்கல் வரைக்கும் போயிட்டு வந்துருதேன்."

அவள் "சரி மாமா" என்று அரிவாளை எடுத்தாள். காய்ந்த தட்டையை உருவ எவளாவது அரிவாள் எடுப்பாளா? அவள் அரிவாளோடு வேலிப் பக்கம் நடந்ததைப் பார்த்துக்கொண்டேதான் அந்த மனிதர் பைக்கை உதைத்தார்.

வந்த நாளிலிருந்து காய்ந்ததையே தின்ற பசு பச்சையைக் கண்டதும் ஆவலாக வாரித் தின்றது. அவளுக்கும் சந்தோசம். கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அது தள்ளாடியது. வாயில் நுரை தள்ளியது, மூச்சு இழுத்தது, நாலு காலும் விறைத்துச் சாய்ந்தது. அலறல் கேட்டு ஓடிவந்த பஞ்சம்மாள் கிடந்த கட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி மகளே, வாடுன மறுதாம்பையா அறுத்துப் போட்ட!"

வெல்லத் தண்ணீரைக் கரைத்து ஊற்றினார்கள். உள்ளே இறங்கவில்லை. மாட்டு டாக்டர் வந்தபோது ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

பெத்தணன் திரும்பி வந்தபோது வாசலில் ஊரே நின்றது. கற்பகவல்லி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "என் கையாலயே கொன்னுட்டேன் மாமா!"

அவர் குனிந்து தூக்கினார். "அளாத தாயி. தெரியாமச் செஞ்சதுக்கு உன்னைய யாரு என்ன சொல்லப் போறா?"

எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் உருகிவிட்டது. எனக்கு அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது. பஞ்சம்மாள் மட்டும் அவரைத் தனியாக மடக்கிக் கேட்டாள்.

"உம்ம காளையை மட்டும் வெவரமா மாத்திக் கட்டத் தெரிஞ்சுதுல்ல? அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாய்யா?"

"நான் நாத்துன்னுதான சொன்னேன்? நாத்துன்னா எதுன்னு தெரியாமலா ஒருத்தி சம்சாரி வீட்டுக்கு வாக்கப்பட்டு வருவா?" என்றார் அவர். யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாத பதில்.

அந்த வாரமே படப்பில் பெரும்பங்கு லாரி ஏறியது. தன் காளைகளுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டார். கற்பகவல்லியை யாரும் கம்பெனிக்குப் போ என்று சொல்லவில்லை. பசுவைக் கொன்றவள் எந்த முகத்தோடு மாட்டேன் என்பாள்? அவளாகவே வேனில் ஏறினாள். வெடிக்குத் திரி சொருகுகிற வேலை. முதல் நாள் திரும்பி வந்து, சாப்பாட்டில் கை வைக்கப் பயந்து, வெடிமருந்து ஒட்டிய கையை அழுதபடி தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

பங்குனியில் சுடலைமுத்து வந்தார். கூடவே இன்னொரு கறவைப் பசு. கடனோ உடனோ, எப்படிப் பிடித்தாரோ. வந்தவர் பெத்தணனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம் புள்ள வெவரமில்லாமச் செஞ்சிட்டா சம்மந்தி. மனசுல வச்சிக்கிடாதீக."

வேனுக்குக் கிளம்பி நின்ற கற்பகவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள்.

"மாமா, பசு வந்துருச்சுல்ல. இனிமே நான் போக வேண்டாமுல்ல?"

பெத்தணன் அவள் கையிலிருந்து கயிற்றை மெதுவாக வாங்கிக்கொண்டார். "எதுக்குத் தாயி? இதையும் கொல்லவா?"

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

பெத்தணன் படப்புக்குப் போய் ஒரு கட்டுத் தட்டையை உருவி வந்து பசுவின் முன்னால் உதறினார். "தின்னு தின்னு. நாத்து வாசமா இருக்குல்ல" என்று அதன் முதுகில் தட்டினார்.

கற்பகவல்லி அந்தக் காய்ந்த கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, இதுவும் நாத்தா?"

"பின்ன என்ன?" என்றார் அவர், மாட்டின் காதைத் தடவியபடி.

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா" என்றாள். "அப்பா, இவுக அன்னைக்கு..."

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. சுடலைமுத்து கீழே கிடந்த பையை எடுத்துத் தூசி தட்டி, மகள் கையில் கொடுத்தார்.

"மாமாவை எதுத்துப் பேசாத. இம்புட்டு நடந்த பெறகும் உன்னைய வீட்டுல வச்சிருக்காகளே, அதுவே பெருசு. வேன் நிக்கி பாரு, போயிட்டு வா."