அம்மாவின் பல்

சீவலப்பேரி வயல்களில் நாற்று நட்டே முதுகு வளைந்தவள் என் அம்மா. அறுபது தாண்டியது ஊருக்கே தெரியும்; ஆனால் அவள் பிறந்ததை எவரும் எழுதி வைக்கவில்லை. முதியோர் பென்ஷனுக்கு வயதுச் சான்று வேண்டுமென்று நெல்லையில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அந்த மனிதர் சந்தையில் மாடு வாங்குகிறவரைப் போல அம்மாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "பல்லு அத்தனையும் கெட்டியா இருக்கு. உனக்கு அறுபது ஆகலை, போ" என்றார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "ஏட்டி, நாலு பல்லைப் புடுங்கிட்டு வந்தா எழுதிக் குடுப்பாவளா?"

மறுவாரமே என் பெண்கள் இருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் வாங்கினேன். பீடி சுற்றும் கூலியில் கொஞ்சம் தபால் ஆபீஸில் என் பெயரில் போட்டு வருகிறேன். வயதான காலத்தில் என் வாயை எவனும் திறந்து பார்க்க வேண்டாம்.