கோடில்லாத அணில்

இந்த ஊர் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. ரங்கூனுக்கு வந்து இறங்கியவர்கள் கப்பலைப் பற்றிச் சொல்வார்கள், தங்கம் பூசிய கோபுரத்தைப் பற்றிச் சொல்வார்கள். இதை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கெமண்டைன் ஆற்றோரத்து அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் இடத்தில் எழுத்து வேலை எனக்கு. வந்த புதிதில் ஆலை வாசலில் இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தில் ஏதோ சாம்பல் நிறத்தில், செம்மண்ணில் புரண்ட வயிற்றோடு ஓடியது. எலி என்று நினைத்தேன். என் மனைவி பர்வதம்தான் அண்ணாந்து பார்த்து, "அணிலுங்க. ராமர் இந்தக் கரைக்கு வரலை போலிருக்கு, அதான் தடவாம விட்டுட்டாரு" என்றாள். கப்பலை விட்டு இறங்கிய பின் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த மரத்திலிருந்து ஒரு மழைநாளில் கண் திறக்காத குஞ்சொன்று விழுந்தது. பஞ்சுத் திரியில் பால் நனைத்துப் புகட்டி அவள் அதைப் பிழைக்க வைத்தாள். பெரிதானதும் அது பண்ணிய அதிகாரத்தைப் பார்த்து மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். நேரத்துக்குத் தீனி வராவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். உண்மையைச் சொன்னால், அவள் இங்கே வாய்விட்டுப் பேசியது அதனோடுதான். நான் விடிந்தால் ஆலைக்குப் போய் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருகிறவன். அக்கம்பக்கத்துப் பேச்சு அவளுக்குப் புரியவில்லை; கடைத்தெருவில் விற்கும் மீன்விழுதின் வாடை குடலைப் புரட்டியது. தங்கை கல்யாணத்துக்கென்று ஊருக்குப் புறப்பட்டபோது, எப்போது திரும்புவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்ற பயம். கப்பல் துறையில் நின்றுகொண்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அங்க ஒரு மாப்பிள்ளையைப் பாக்கப் போறேன். இங்க இருக்கிற மாப்பிள்ளையை நீங்க பாத்துக்குங்க. அது இருக்கும்னுதான் திரும்பி வர மனசு வரும்."

நீங்களே சொல்லுங்கள், இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் மனுஷனுக்குத் தூக்கம் வருமா?

அவள் போய்ப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஆலைப் பூனை ஒன்று ஜன்னல் வழியே கை விட்டு மாப்பிள்ளையின் முதுகைக் கீறிவிட்டது. நடு முதுகில் தொடங்கி வால் பக்கம் வரை நீளமான கீறல். பார்க்க மோசமாக இல்லை. இரண்டு நாளில் ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அணிலுக்கு அது பொறுக்கவில்லை. உடம்பை வளையமாகச் சுருட்டிக்கொண்டு புண்ணைக் கடிக்கும், காய்ந்த பொருக்கைப் பிடுங்கும், ரத்தம் வந்ததும் நக்கும், மறுபடி கடிக்கும். பூனை போட்டது ஒரு கோடு. அதை ஓடையாக்கியது இதன் பல்தான்.

தமிழ்க் கடையில் வேப்பெண்ணெய் வாங்கி மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். கைப்புக்கு வாய் வைக்காது என்பது என் கணக்கு. மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டே அவ்வளவையும் நக்கியது. வேட்டி ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன். நான் சோறு வடித்துத் திரும்புவதற்குள் கட்டு நார்நாராகக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து மா கின், காலையில் மீன்சாறு ஊற்றிய மோஹிங்காப் பலகாரம் விற்கிறவள், தனாக்காக் கட்டையைக் கல்லில் இழைத்து எடுத்து வந்து புண்ணில் அப்பினாள். இங்கத்துப் பெண்கள் கன்னத்தில் பூசுகிற சந்தன நிறத்துக் குழம்பு அது. குளிர்ச்சியாம். குளிர்ச்சி அதற்கும் பிடித்திருந்தது, வாய்க்கு.

வேறு வழியில்லாமல் சட்டைப் பையில் போட்டு ஆலைக்குக் கொண்டுபோனேன். ஒரு கையால் எழுத்து, ஒரு கையால் அதன் தலையைப் பிடிப்பது. எங்கள் மேஸ்திரி, வீட்டம்மா கப்பலேறியதும் நெஞ்சோடு ஒன்றை வைத்துக்கொண்டேனே என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேட்கச் சொல்லிச் சிரித்தார். ஆற்றில் கப்பல் ஊதினால், ஆலை விட்டதும் துறைக்குப் போய்ப் பார்ப்பேன். அவள் வராமல் போய்விடுவாளோ என்று ஒரு நிமிஷம். வந்து, மாப்பிள்ளை இல்லாத வீட்டைப் பார்த்து, அதே கப்பலில் திரும்பிவிடுவாளோ என்று மறு நிமிஷம். இரவெல்லாம் கை அந்தச் சின்ன நெஞ்சின் துடிப்பின் மேலேயே கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மா கின் ஒரு பழைய பருத்தித் துணியோடு வந்தாள். துவைத்துத் துவைத்துப் பூவாய்ப் போனது. அகலமாகச் சுற்றினால் பல் எட்டாது என்று கையால் காட்டினாள். துணியை வாங்கினேன். அதற்குள் மாப்பிள்ளை பிடி நழுவிக் கூரை விட்டத்துக்கு ஏறிவிட்டது. பிடிக்க இரண்டு கையும் வேண்டும். கையில் துணி இருந்து, கைக்கு வேலையும் வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வோம்? தலையில் சுற்றி முண்டாசு கட்டிக்கொண்டு முக்காலியில் ஏறினேன்.

மா கின் முகம் வெளுத்துவிட்டது. அதே நேரத்துக்கு அவள் புருஷன் கோ துன், சம்பான் படகு ஓட்டுகிறவன், ஆற்றிலிருந்து வந்து வாசலில் நின்றான். என் தலையையே பார்த்தான். பெண்டாட்டியின் துணி அயலான் கையில் இருப்பதைப் பார்த்துக் கொதிக்கிறான் என்று நினைத்துவிட்டேன். முக்காலியில் நின்றபடியே, மா கின் எனக்குத் தங்கை மாதிரி என்று எனக்குத் தெரிந்த அரைகுறை பர்மாப் பேச்சில் சத்தியம் செய்தேன். அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"சாயே," என்றான். எழுத்து வேலைக்காரனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அது அவள் இடுப்பில் கட்டிய தமேன். அதைத் தலையில் வைத்தால் ஆம்பிளைக்கு இருக்கிற போன் போய்விடும்."

போன் என்றால் ஆணுக்குப் பிறப்போடு வரும் மகிமையாம். பெண்ணின் கீழாடை தலையில் பட்டால் அது இறங்கிவிடுமாம். அவன் கோபப்படவில்லை, எனக்காகப் பயந்திருக்கிறான். துணியை அவன் தொடமாட்டான் என்பதால் மா கின்னே வந்து அதை உருவினாள். அவன் குடத்துத் தண்ணீரை என் தலையில் ஊற்றினான். ஈரம் சொட்ட நின்றுகொண்டு, எங்கள் ஊரில் அம்மாவின் சேலையில் தூளி கட்டி, அதிலேயே தலை வைத்துத்தான் ஆண்பிள்ளைகள் வளர்கிறோம் என்றேன். மா கின் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியானால் உங்கள் ஆண்களுக்குப் போன் ஏது என்று கேட்டாள்.

"இல்லை. அதனால்தான் அணில்கூட இவர் சொல் கேட்பதில்லை" என்றான் கோ துன்.

மூன்று பேரும் சிரித்து ஓய்ந்தபோது மாப்பிள்ளை தானாகவே இறங்கி வந்து, மூலையில் சுருண்டு, புண்ணைக் கடிக்கத் தொடங்கியிருந்தது. கோ துன்னின் சிரிப்பு நின்றது. இதுவும் ஆண்தானே, இதற்கும் அந்தத் துணி ஆகாது என்றான். தன் தலையிலிருந்த கமௌக்கைக் கழற்றினான். வெயிலுக்கும் மழைக்கும் இங்கத்துக்காரர்கள் போடும் கூம்புத் தொப்பி அது, மூங்கில் பாளையில் பின்னியது. கத்தியால் அதன் உச்சியை மட்டும் கிண்ணம் அளவுக்கு அறுத்து, முனையில் துளையிட்டு, ஒரு பக்கம் பிளந்தான். மா கின் விளிம்புகளில் பஞ்சு வைத்துத் தைத்தாள். அணிலின் கழுத்தில் சுற்றிக் கட்டினோம், வாய் முன்பக்கம் விரிந்த புனல் போல. மாப்பிள்ளை திரும்பிக் கடிக்கப் பார்த்தது. புனல் திரும்பியது, பல் எட்டவில்லை. பின்னோக்கியே நடந்து சுவரில் முட்டிக்கொண்டு, எங்களை ஒரு பார்வை பார்த்தது. மறுநாள் கோ துன் உச்சி இல்லாத தொப்பியோடு ஆற்றுக்குப் போனான். ஓட்டை வழியே அவன் குடுமி தெரிந்தது.

ஒவ்வொரு வாய்ச் சோறும் நான்தான் ஊட்டினேன். புண் மூடியது; பொருக்குத் தானே உதிர்ந்தது; மயிர் முளைத்தது. புனலைக் கழற்றிய பிறகும் கப்பல் ஊதினால் துறைக்குப் போகிற பழக்கம் மட்டும் போகவில்லை. மழை தொடங்குவதற்கு முன் வந்த ஒரு கப்பலில், தலையில் மூட்டையோடு, கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டே பர்வதம் இறங்கினாள்.

முதல் கேள்வி மாப்பிள்ளை எப்படி என்பதுதான். வீட்டுக்கு வந்து, உட்காராமல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கீறல் ஆறிய இடத்தில் முளைத்த மயிர் வெள்ளை. நடு முதுகில் ஒற்றைக் கோடு. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இத்தனை நாள் என்று கேட்காமல் நான் அவள் மூட்டையை எடுத்து உள்ளே வைத்தேன்.

இப்போதும் சாயங்காலத்தில் அதைத் தடவுகிறாள். ஊர்ப் பழக்கம், மூன்று விரலாலேதான் தடவுவாள். நடுவிரல் கோட்டின் மேல் போகிறது. மற்ற இரண்டும் கோடில்லாத மயிரின் மேல் கூடவே போகின்றன.