காலால் வாசிக்கிறவர்

அன்று கோயில் மண்டபத்தில் நடந்த பேச்சு லோஷினிக்கு அப்படியே நினைவிருக்கிறது. கூட்டக் குறிப்பு எழுதுவது அவள் பொறுப்பு. நவராத்திரி நிகழ்ச்சியில் யார் யார் பாடுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரேமலாவின் பெயர் வந்ததும் செயலாளர் சபாபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ அனுப்புன வீடியோ பாத்தேம்மா. நிக்கிறது நீ ஒரு ஆளு, கேக்குறது ஆறு குரலு. மத்த அஞ்சு பேரு எங்க?"

"அஞ்சும் நான்தாண்ணே. அங்கேயே பாடி, அங்கேயே பிடிச்சு, திருப்பி ஓடவிட்டு, அதுக்கு மேல பாடுறது."

"அப்ப மைனஸ் ஒன்னு லா. பதிவு பண்ண இசைய ஓடவிட்டு மேல பாடுறது."

"மைனஸ் ஒன்ன வீட்லயே செஞ்சு எடுத்துட்டு வருவாங்க. நான் வர்றப்ப பெட்டிக்குள்ள ஒண்ணுமே இருக்காது."

"எப்படியோ, அது மிஷினு. நவராத்திரிக்கு வாத்தியம் வேணும்."

பிரேமலா எழுந்தார். கொண்டு வந்திருந்த பலகையைத் தரையில் வைத்தார். அதன் மேல் சோப்புப் பெட்டி அளவில் நான்கு இரும்புப் பெட்டிகள். ஒலிவாங்கியைச் செருகி, ஒரு 'ஓம்' சொல்லி, வெறுங்காலின் கட்டைவிரலால் ஒரு பெட்டியை அழுத்தினார்.

சபாபதி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அலமாக்! என்னம்மா இது? வாத்தியத்தப் போயி காலால மிதிக்கிற!"

"வாத்தியம்னு நீங்கதாண்ணே சொன்னீங்க. லோஷினி, அத எழுதிக்கம்மா."

கூட்டமே சிரித்தது. சபாபதிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "வாயி மட்டும் குறைச்சல் இல்ல. கோயில்ல காலு ஆகாது, தெரியும்ல?"

"நீங்க தையல் மிஷின எதாலண்ணே மிதிக்கிறீங்க? ஆயுத பூசைக்கு மாலை போடுறதும் அதே மிஷினுக்குத்தான?"

மாசாய் ஊரில் இருபத்தைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவர் சபாபதி. கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி. மூணாம் நாளு, ஒரே ஒரு பாட்டு. சனங்க மைனஸ் ஒன்னுன்னு முணுமுணுத்தாங்கன்னா, அதோட விட்ரணும்."

"விட்ரேன்," என்றார் பிரேமலா.

பிரேமலாவுக்கு முப்பத்தொன்பது வயது. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே ஒரு வால்வைக் கொஞ்சம் திறந்தால் எங்கோ ஒரு தொட்டியில் இருபது நிமிடம் கழித்து அது தெரியும். அதனால்தான் மேடைக்கு மடிக்கணினி வேண்டாம் என்பார். "சம்பளத்துக்குப் பாக்குற திரை போதும். பாடுறப்ப ஆளுங்க மூஞ்சியப் பாக்கணும்."

அதற்கு முன் கல்யாண இசைக்குழு ஒன்றில் எட்டு வருடம் கோரஸ் பாடினார். ஒத்திகைக்கு ஒருவன் வந்தால் இன்னொருவன் வரமாட்டான். கோரஸ் மைக்கின் சத்தத்தையோ எப்போதும் குறைத்தே வைத்திருப்பார்கள். ஒருநாள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தோழி மூலம் எதிரொலிப் பெட்டி ஒன்றை வாங்கினார். பிறகு குரலைத் தடித்த ஆண்குரலாக இறக்கும் பெட்டி, பாடியதைப் பிடித்துத் திருப்பி ஓட்டும் லூப் பெட்டி, கூடத்தில் பாடுவதுபோல் முழக்கம் தரும் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. காலால் அழுத்தும் இந்தப் பெட்டிகளுக்குப் பெடல் என்று பெயர்.

அவற்றை எந்த வரிசையில் இணைப்பது என்று கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது. முதலில் முழக்கப் பெட்டியை லூப்புக்கு முன்னால் வைத்திருந்தார். ஒவ்வொரு குரலும் தன் முழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனது. நாலாவது அடுக்கிலேயே எல்லாம் கஞ்சியாகிவிட்டது. முழக்கத்தைக் கடைசிக்குத் தள்ளிய பிறகுதான் ஒவ்வொரு குரலும் தனித்தனியே தெரிந்தது.

மூன்றாம் நாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. பிரேமலா மேடையில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தார். மண்டபமே முழங்கியது. குனிந்து கடைசிப் பெட்டியை அணைத்துவிட்டார். "சுவரே அந்த வேலையச் செய்யுது," என்று மேடையோரம் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருந்த லோஷினியிடம் சொன்னார்.

பிறகு கட்டைவிரலால் லூப் பெட்டியை அழுத்தி, கையால் எட்டுத் தட்டுத் தட்ட ஆரம்பித்தார். நாலாவது தட்டில், மண்டபத்து ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது.

"வாசல்ல நிக்கிற வெள்ள மைவி காரு யாரோடது? நகத்துங்க!"

சபாபதிதான். பின்னாலிருந்த இன்னொரு மைக்கில் அறிவித்துவிட்டார். அது பிரேமலாவின் மைக்கிலும் புகுந்தது. கத்திச் சொன்ன கடைசிச் சொல்லை மட்டும் பெட்டி தெளிவாகப் பிடித்தது. எட்டாவது தட்டு விழுந்ததும், பழக்கத்தில் பிரேமலாவின் கட்டைவிரல் பெட்டியை அழுத்திச் சுற்றை மூடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தட்டு ஓடி வந்து, "நகத்துங்க!" என்றது. மீண்டும் எட்டுத் தட்டு. "நகத்துங்க!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. இருப்பது ஒரே பாட்டு. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள் என்று லோஷினி சைகை காட்டினாள். பிரேமலா தலையசைத்து மறுத்தார். அந்தச் சொல் இரண்டு சுற்று வரும்வரை கண்ணை மூடிக் கேட்டார். அதன் சுருதியைப் பிடித்துக்கொண்டு, குரலை இறக்கும் பெட்டியை மிதித்து, அடியில் ஒரு நீண்ட கார்வையைப் போட்டார். அதற்கு மேல் அம்மன் பாட்டின் முதல் வரி. எதிரொலியை முடுக்கி, வரியின் வால் சரியாக அந்தச் சொல்லின் மேல் விழும்படி பாடினார். இன்னொரு அடுக்கு. இன்னொன்று. நாலாவது சுற்றில் 'நகத்துங்க' என்பது சொல்லாகக் கேட்கவில்லை. உறுமியின் இழுப்புபோல் தாளத்துக்குள் போய்விட்டது. சிரித்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். கார் சாவியோடு எழுந்த ஆள் வாசலிலேயே நின்றுவிட்டான்.

கட்டைவிரல் ஒருமுறை அழுந்தியது. எல்லாக் குரலும் ஒன்றாக நின்றன.

மைனஸ் ஒன்று என்று எவரும் முணுமுணுக்கவில்லை. சபாபதிதான் மேடையோரம் வந்தார். "அடுத்த வருஷம் ரெண்டு பாட்டு பாடு. ஆனா எங்குரலப் பிடிக்காதம்மா, மானம் போவுது."

மறுவருட நிகழ்ச்சித்தாளைத் தமிழிலும் மலாயிலும் லோஷினிதான் தயாரித்தாள். பெயர் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். பிரேமலாவுக்கு நேரே 'குரல்' என்று எழுதி, சரிபார்க்க அவருக்கு அனுப்பியிருந்தாள். அன்று மாலையே பிரேமலா தொழிற்சாலைச் சீருடையோடு மோட்டார் சைக்கிளில் வந்து, லோஷினி வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டார்:

"எனக்கு ஒரு உதவி செய்ம்மா. 'குரல்'ங்கறத எடுத்துட்டு 'பெடல்'னு போடு. மிருதங்கத்த எந்த அளவு எழுத்துல போட்டிருக்கியோ, அதே அளவுல."