இல்லாத மேல்மாடிக்கு வந்த வரி

அலுவிகாரையில் மிளகு வாங்கி விற்கும் பாறூக் முதலாளி தன் ஆயுளில் பெரிதாக ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதற்கும் பிரதேச சபை வரி போட்டுவிட்டது!

வியாபாரத்தில் மனிதர் அவ்வளவு சுத்தம். ஈர மிளகைக் கொண்டுவந்து காய்ந்தது என்று சாதிக்கிறவர்களிடம்கூடச் சண்டைக்குப் போகமாட்டார். இன்னும் ஒரு வெயிலில் போட்டுக்கொண்டு வாருங்கள், நல்ல விலை தருகிறேன் என்று சிரித்தபடி திருப்பி அனுப்புவார். பல்லேகமையிலிருந்து மூட்டையோடு பஸ் ஏறி வருகிறவர்கள் வழியில் இருக்கும் கடைகளையெல்லாம் தாண்டி அவரிடம் வருவதற்கு அவருடைய தராசுதான் காரணம்.

ஒரே பிள்ளை, நிப்லா. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது வீடும் கொடுப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். சீதனம் என்று யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். "பிள்ளைக்கு இருக்க ஒரு இடம் இருக்கும்தானே?" என்று மட்டும் கேட்பார்கள். கேட்கிற விதத்திலேயே எல்லாம் அடங்கிவிடும்.

அந்த இடத்தைத்தான் பாறூக் தன் வீட்டுக்கு மேலே கட்டத் தொடங்கினார். மிளகுக் காலத்துக்கு மிளகுக் காலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூண்களை எழுப்பி, கொங்கிறீட் தட்டும் போட்டாயிற்று. அதற்குள் பொருளாதாரம் விழுந்து நாடே கவிழ்ந்தது. சீமெந்து விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. வேலை நின்றது நின்றதுதான். உக்குவளையிலிருந்து ஹுஸ்னி என்ற பையனுக்குப் பெண் கேட்டு ஆள் வந்தபோது, கையில் இருந்ததைப் போட்டு ரோட்டுப் பக்கச் சுவரை மட்டும் எழுப்பினார். ரெண்டு கண்ணாடி ஜன்னல், மேலே வெளிர் மஞ்சள் பெயின்ட். ரோட்டில் நின்று பார்த்தால் மாளிகை. பின்னால் போய்ப் பார்த்தால் ஆகாயம்.

கலியாணத்துக்குள் மிச்சத்தையும் கட்டிவிடலாம் என்றுதான் அவர் நம்பினார். ஏமாற்ற வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் நேரம் என்று ஒன்று இருக்கிறதே! மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்து உட்கார்ந்திருந்த அதே நாளில், அதே மணிக்கு, சபையின் வரி மதிப்பீட்டுக்காரரும் வந்து வாசலில் நின்றார்.

"மேல் மாடி தனி வீடா?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். ஹுஸ்னியின் பெரியப்பா முஸம்மில் ஹாஜியார் கையில் பிடித்த தேநீரைக் குடிக்காமல் பாறூக்கின் முகத்தையே பார்த்தார்.

"தனி வீடுதான்" என்றார் பாறூக். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நின்றால்தானே! ரெண்டு அறை, உள்ளேயே பாத்ரூம், தனிப் படி, தனிக் கரண்ட் என்று அடுக்கிக்கொண்டே போனார். "டைல்ஸ் இப்பதான் ஒட்டினது, காயணும், யாரும் கால் வைக்கக் கூடாதெண்டு மேசன் பாஸ் பூட்டிட்டுப் போயிட்டார்" என்று ஒரு பூட்டும் போட்டார். மதிப்பீட்டுக்காரர் ரோட்டிலிருந்து ஜன்னல்களைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், போனார். அன்றே சம்பந்தம் பேசி முடிந்தது.

பிறகு அறிவித்தல் வந்தது. ரெண்டு வீடு என்று கணக்கெடுத்து, வருடப் பெறுமதியைத் தூக்கிவிட்டிருந்தார்கள். பழைய வரி எங்கே, இது எங்கே!

"இல்லாத வீட்டுக்கா கட்டப் போறீங்க?" என்று மனைவி மஸூதா வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசு. ஆட்சேபனை போட்டா ஏறிப் பாக்க வருவாங்க. கலியாணம் முடியட்டும்."

பேசாமல் கட்டிவிடுவது என்றுதான் இருந்தார். ஆனால் ஹாஜியார் விடவேண்டுமே! கலியாண விஷயமாக வந்தவர் மேசையில் கிடந்த அறிவித்தலை எடுத்து வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் சிவந்தது.

"அநியாயம் பாறூக் நானா! நாளைக்கு இது எங்க ஹுஸ்னிட தலையிலதானே விழும்? நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிறேன்."

பார்த்தும் கொண்டார். ஆட்சேபனையைத் தானே எழுதி, பாறூக்கிடம் கையெழுத்து வாங்கி, தானே கொண்டுபோய்ச் சபையில் கொடுத்தார். அன்றிலிருந்து பாறூக்குக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளியில் தொழுதுவிட்டு எழும்பாமல் அப்படியே இருப்பார். இன்றைக்கு ஹாஜியாரிடம் சொல்லிவிடுவோம் என்று போனை எடுப்பார், வைத்துவிடுவார்.

விசாரிக்க வந்தவர் சசிக்குமார் என்ற உத்தியோகத்தர், மாத்தளை டவுன்காரர். ஹாஜியார் முன்கூட்டியே வந்து முன் கதிரையில் இருந்து ஒரு மூச்சு வாதாடி முடித்தார். சசிக்குமார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எழும்பினார்.

"சரிங்க. மேல பாத்துட்டா வேலை முடிஞ்சிரும். சாவி இருக்குங்களா முதலாளி?"

பாறூக் குறுக்கே வந்து நின்றார். "மேல வேணாம் தம்பி. மதிப்பீடு சரிதான். நான் வரியைக் கட்டிர்றேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா நானா?" என்று ஹாஜியார் பாய்ந்தார்.

"பாக்காம எப்படிங்க எழுதுறது?" என்றார் சசிக்குமார்.

பாறூக் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மகன் வயதுதான் இருக்கும் அந்த ஆளுக்கு. "கெஞ்சிக் கேக்கிறேன் தம்பி. ஏற வேணாம். கூடுதலா வேணுமெண்டாலும் போடுங்க, கட்டிர்றேன்."

திரைச்சீலை விலகியது. நிப்லா வெளியே வந்தாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"சேர், மேல கதவே இல்ல. சாவிக்கு எங்க போறது? வாங்க, நான் காட்டுறேன்."

படியேறினார்கள். மஞ்சள் சுவர் தனியாக நின்றது. தூண்களில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. பாய்களில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஹாஜியார் சுவரின் இந்தப் பக்கம் வந்து கண்ணாடி ஜன்னலால் ரோட்டைப் பார்த்தார். தம்புள்ளை பஸ் ஒன்று போனது. "பாத்ரூம் எங்க?" என்று கேட்டார். கேட்டது அவருக்கே வெட்கமாகப் போயிருக்கும், உடனே இறங்கிவிட்டார்.

சசிக்குமார் அளந்து குறித்துக்கொண்டார். அந்தப் பாவி மனிதருக்கு என்ன தெரியும்? "இது வீடே இல்லீங்களே முதலாளி. வெறும் தட்டு. உங்க பக்கம்தான் நியாயம் இருக்கு, வரி கொறையும்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஹாஜியார் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஏசியிருந்தால்கூடப் பாறூக் தாங்கியிருப்பார். "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்றார் அவர். அதற்கு என்ன அர்த்தம் என்று மஸூதாவுக்குத் தெரியும். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

பாறூக் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊருக்கே நிறுத்துக் கொடுத்த கை மடியில் சும்மா கிடந்தது. நிப்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்காகத்தானே மகள் சொன்னேன்" என்று அவர் அழுதார். "ஒன்ட வாழ்க்கைய நானே கெடுத்துட்டேன்."

"அவங்க வீடு பாக்க வந்த அன்னைக்கே திரைக்குப் பின்னால கேட்டுட்டுத்தான் நிண்டேன் வாப்பா. நீங்களே சொல்லிருவீங்க, சொல்லிருவீங்க எண்டு ஒவ்வொரு நாளும் பாத்தேன்."

"வேணாண்டு சொல்லிருவாங்களே மகள்!"

"சொல்லட்டும். அதைத் தாங்கிக்குவேன்." அவளுக்கும் குரல் உடைந்தது. "நீங்க அந்த மனுஷன்ட கையப் பிடிச்சுக் கெஞ்சினீங்களே, அதைத்தான் வாப்பா என்னால பாத்துட்டு நிக்க முடியல்ல."